ராசாத்திக்குப் பார்த்த மாப்பிள்ளை

வண்டியின் காற்று வடிகட்டிக்கு ஜாதகப் பொருத்தம் பார்த்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் சோரியாங்குப்பத்தில் இருந்தார். வேறு எங்காவது இன்னொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் விசாரித்துப் பாருங்கள். அவரும் எங்கள் ஊரில் பெண் எடுத்தவராகத்தான் இருப்பார்.

ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. எனக்கு அவர் மாமா, ஊருக்கு 'ரோசனை'. யோசனையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எதைக் கேட்டாலும் "இரு, ரோசன பண்ணி சொல்றேன்" என்பார். அப்புறம் ஊர் முழுக்கப் போய் ரோசனை கேட்பார். ஓர் ஐப்பசியில் குடை வாங்கப் புறப்பட்டார். மடக்குக் குடையா, நீட்டக் குடையா, பிடி மரமா, பிளாஸ்டிக்கா என்று பதினேழு பேரைக் கேட்டு முடித்து அவர் குடையோடு வீடு திரும்பியபோது மாசி பிறந்திருந்தது. மீசையை எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே சவரம் செய்யப் போய், பாதியில் யாரோ வேண்டாம் என்று சொல்லிவிட, ஒரு வாரம் ஒரு பக்க மீசையோடு திரிந்தார் என்றும் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. நெல் மூட்டை, கத்தரிக்காய், பந்தல் சாமான், சில சமயம் கல்யாணக் கூட்டம், எல்லாம் அதில்தான் போகும். பெயர் ராசாத்தி. மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை, ராசாத்திதான் பெண். காலையில் அவளுடைய முன் கண்ணாடியைக் கழுவி, நடுவில் பொட்டு வைத்து, "இன்னாடி, நல்லா தூங்குனியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமா சாவி போடுவார்.

ராசாத்திக்கு ஒரே ஒரு குறை. மூச்சு வாங்கும். எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்ததும் உளுந்துச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளே மிதித்துக் கொடுத்துவிடும், கூலி மிச்சம். அந்தத் தூசும் சருகும் ராசாத்தியின் மூக்கில்தான் ஏறும். எஞ்சினுக்குப் போகும் காற்றைச் சுத்தம் செய்ய அவளிடம் இருந்தது பழைய ஏற்பாடு: அடியில் எண்ணெய் ஊற்றிய ஓர் இரும்புச் சட்டி. தூசு எண்ணெயில் ஒட்டி ஒட்டிப் பத்தே நாளில் உள்ளே வடை மாவு தயாராகிவிடும். புதுச்சேரிக்குப் போகும் வழியில் அரியாங்குப்பம் பாலத்து மேட்டில் ஏறும்போது ராசாத்தி குபுகுபுவென்று கறுப்புப் புகை விட்டு நின்றுவிடுவாள். பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து தள்ளுவார்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அவர்களுக்கே பழகிவிட்டது.

இது எனக்கு ஏன் தலை போகிற விஷயமானது என்றால், அந்த வருடம் புதுச்சேரியில் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். தவறினால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அந்தக் கடிதத்தைத் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கேட்காதவர்களுக்கும் படித்துக் காட்டினேன்.

எங்கள் ஊருக்கு வரும் காலைப் பஸ், வரலாமா வேண்டாமா என்பதைத் தானே முடிவு செய்யும் ரகம். கரும்பு வெட்டப் போகும் என் அப்பா அதை நம்பத் தயாராக இல்லை. நேராக மாமாவிடம் போனார்.

"மச்சான், பாப்பாவ நீதான் இட்டுனு போய் சேக்கணும்."

"இட்டுனு போறேன். ஆனா இவ பாலத்துல நின்னுட்டா?" என்றார் மாமா. அன்று தொடங்கியது ரோசனை. இரும்புச் சட்டியை எடுத்துவிட்டுப் புது மாதிரி வடிகட்டி போடலாமா, கூடாதா?

வில்லியனூரில் வண்டி சாமான் கடை வைத்திருந்த பாயிடம் புது மாதிரி வந்திருந்தது. மடித்து மடித்து வைத்த காகிதத்தால் ஆன உருளை வடிகட்டி. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க மாமா என்னையும் அழைத்துப் போனார். கடைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்ணைப் பெற்ற முகத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பையன் இன்னா பண்றான், பாய்?"

பாய் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "காத்து வடிகட்றான். வேற வேல தெரியாது. தங்கமான கொணம். எண்ண கிண்ண கேக்க மாட்டான். வாரத்துக்கு ஒருக்கா முதுவுல தட்டி வுட்டா போதும்."

"மூச்சு?"

"ஒங்க சட்டிய வுட ரெண்டு பங்கு காத்து வுடுவான். கூட அகலமா ஒரு பைப்பும் தரேன். பாலத்துல பொண்ணு ஓடுவா, நீங்க தொரத்தணும்."

"கெட்ட பழக்கம் ஏதும்?"

"தண்ணிதான் ஆவாது. ஒரு சொட்டு பட்டா படுத்துடுவான்."

மாமா என் பக்கம் குனிந்து, "புதுச்சேரியில இப்படி ஒரு பையனா?" என்றார்.

ஆனால் ரோசனை முடியவில்லை. டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இரும்பு இரும்புதான், காகிதம் வடை மடிக்கத்தான் என்றது சட்டிக் கட்சி. உலகம் எங்கேயோ போய்விட்டது என்றது காகிதக் கட்சி. எங்கே போனது என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் மாமா பாகூர் ஜோசியரிடம் போனார். ராசாத்தியின் ஆர்.சி. புத்தகம் ஒரு கையில், வடிகட்டிப் பெட்டி மறு கையில். இரண்டிலும் இருந்த தேதிகளை நான் வாசித்தேன்.

"பொண்ணு பொறந்த நேரம்?" என்றார் ஜோசியர்.

மாமா கொஞ்சம் ரோசித்தார். "ஆபீசு பத்து மணிக்குத்தான் தெறப்பாங்க. டீ குடிச்சிட்டு கையெழுத்து போட்டுருப்பாங்க. பதினொண்ணுனு வெச்சிக்குங்க."

ஜோசியர் சிரிக்கவில்லை. கட்டம் போட்டார், விரல் விட்டு எண்ணினார். "பத்துக்கு ஏழு பொருந்துது. ரஜ்ஜுதான் இடிக்குது. புள்ளையாண்டானுக்கு ஆயுசு பத்தாது."

மாமா அங்கிருந்தே மறுபடி வில்லியனூருக்கு ஓட்டினார். பாய் மறைக்கவில்லை. "அது வாஸ்தவம்தான். ஆறு மாசம் வருவான். அப்பறம் தூக்கி போட்டுட்டு புதுசு மாட்டிக்கணும்."

"ஆறு மாசத்துக்கு ஒரு மாப்ளையா? எங்க வூட்டு பொண்ணுக்கா?"

வீட்டில் வந்து அத்தையிடம் சொன்னபோது மாமாவின் குரல் உடைந்திருந்தது. அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"குடுத்து வெச்ச கழுத. எனக்கு இருவது வருசமா ஒண்ணே."

சனிக்கிழமையும் வந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. போய் நின்று, "மாமா, நாளன்னிக்கு பத்து மணி" என்றேன்.

"தெரியும், பாப்பா. அதுக்குத்தான ரோசன பண்ணினு இருக்கேன்."

"நீ ரோசன பண்ணி முடிக்கறதுக்குள்ள அவ கெழவி ஆயிடுவா" என்றார் அத்தை. என்னையா, ராசாத்தியையா, யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. "பேசாம கட்டி வையி. எத்தினி நாளிக்கு பொண்ணு ரோட்ல நின்னு மூச்சு வாங்கும்?"

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பாய் சம்பந்தியாக ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அகலக் குழாயை மாட்டிக் கொடுத்தார், வடிகட்டியை எங்கே எப்படி வைத்து மூட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார், தொழுகைக்கு நேரமாகிறதென்று கிளம்பிப் போனார். அவர் இன்னும் கால் மணி நேரம் இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அவர் தலை மறைந்ததும் அத்தை, "வெறும் மூஞ்சியோடவா மாப்ளைய உள்ள அனுப்பறது? நலங்கு வெக்க வேணாமா?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. மனையில் கோலம் போட்டு வடிகட்டியை உட்கார வைத்தார்கள். தெருப் பெண்கள் வரிசையாக வந்து சந்தனமும் மஞ்சளும் குழைத்துப் பூசினார்கள். எங்கள் ஊரில் நலங்கு என்றால் கஞ்சத்தனம் கிடையாது. மடிப்புக்கு மடிப்பு விரலை விட்டுப் பூசினார்கள். மூன்றாவதாகப் பூசியவள் நான். பள்ளிக்கூடத்தில் சுவாசப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள்.

மாமா அந்த மஞ்சள் மாப்பிள்ளையை உள்ளே வைத்து மூடினார். நின்ற இடத்தில் ராசாத்தி நன்றாகத்தான் உறுமினாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே புறப்பட்டோம். மாமா, நான், நடுவில் அப்பா. இஸ்திரி போட்ட பாவாடை கசங்காமல் இருக்க நான் பாதி நின்றபடி வந்தேன். கன்னியக்கோயில் தாண்டியதும் ஒரு சைக்கிள் எங்களை முந்தியது. கிருமாம்பாக்கத்தில் ஒரு மாட்டு வண்டி முந்தியது. மாடு திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

"மொத நாளு இல்ல? கூச்சப்படறான்" என்றார் மாமா.

அரியாங்குப்பம் பாலத்து மேட்டில் ராசாத்தி கறுப்பாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றாள். சைக்கிள்காரர்கள் ஸ்டாண்டு போட்டார்கள். தள்ளினார்கள். மறுபடி நின்றாள். அப்பா கடலூர் பஸ்களுக்குக் கை காட்டினார். படிக்கட்டில் ஆள் தொங்க வந்த பஸ்கள் மேட்டில் நிற்காமல் போயின. யாரோ மணி ஒன்பதரை என்றார்கள். 

மாமா பானெட்டைத் திறந்து வடிகட்டியின் மூடியை எடுத்தார். கல்யாண வீட்டு வாசனை வந்தது. உள்ளே மாப்பிள்ளை மெழுகிய தரை மாதிரி இருந்தான். ஒரு மடிப்புகூடத் தெரியவில்லை.

"மாமா, மாப்ள மூக்க அடச்சிட்டோம்."

"நலங்குதான வெச்சோம்?"

"மூக்குலதான் வெச்சோம், மாமா. அவனுக்கு ஒடம்பெல்லாம் மூக்கு."

மாமா வேட்டி நுனியால் துடைத்தார். ஊறிய காகிதம் கையோடு கிழிந்து வந்தது. பழைய சட்டியோ வீட்டுக் கொல்லையில் கிடந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு வேலைக்குச் செம்மண் கொட்டியிருந்தார்கள். லாரிகள் போகப் போக வானம் வரைக்கும் புழுதி. வடிகட்டி இல்லாமல் அதில் ஓட்டினால் அவ்வளவு மண்ணும் எஞ்சினுக்குள் போகும். எஞ்சினின் ஆயுசு போகும். அது அங்கே நின்ற சைக்கிள்காரர்களுக்குக்கூடத் தெரியும்.

மாமா ரோட்டைப் பார்த்தார். ராசாத்தியைப் பார்த்தார். என் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். இனி ஆளுக்கு ஆள் ரோசனை கேட்கத் தொடங்குவார், என் படிப்பு இந்தப் பாலத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கிழிந்த மாப்பிள்ளையைத் தூக்கி வண்டிக்குப் பின்னால் எறிந்தார். பானெட்டை மூடினார்.

"ஏறு, பாப்பா."

"மாமா, மண்ணு உள்ள பூடுமே. யாரையாச்சும் ஒரு வார்த்த..."

"இதுக்கு யார போய் கேக்கறது? மணி ஆவுது, ஏறுடி."

மூடாத மூக்கோடு ராசாத்தி ஓடினாள் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டத்தை அந்த ரோடு பார்த்திருக்காது. பத்து யானை ஒன்றாகப் பிளிறுகிற சத்தம். கோழிகள் மரத்தில் ஏறின. எங்களை முந்திய அதே மாடு வண்டியோடு ஓரம் கட்டியது. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டார். மாமா ஸ்டீயரிங்கைத் தடவித் தடவி, "பொறுத்துக்கடி, கொஞ்சம் பொறுத்துக்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கல்லூரி வாசலில் இறங்கியபோது மூன்று பேரும் செங்கல் நிறத்தில் இருந்தோம். மணி பத்தாக ஐந்து நிமிடம். உள்ளே இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து முதலில் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அப்புறம் இடம் கொடுத்தார்.

வில்லியனூர் பாய் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று முதல் ராசாத்திக்கு இருமல் நிற்கவே இல்லை. தெரு முனையில் வரும்போதே கர் கர் என்று கேட்கும். என்னிடம் மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டிக்கு என்ன ஆயிற்று என்று ஊரில் கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு பதில் வைத்திருந்தாராம். அதை அத்தைதான் எனக்குச் சொன்னார்.

"பாப்பாவ காலேஜி வாசல்ல எறக்கி வுட்டுட்டு வந்தவ இல்ல? சும்மா போவாளா? கனைச்சினுதான் போவா."