எட்டாம் மைலில் புட்டு

என் கால்களில் எந்தக் குறையும் இல்லை. பதின்மூன்று மைல் ஓட்டத்தில் என்னைக் கவிழ்த்தது என் வாய்தான்.

2009இல் நாங்கள் லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருந்தோம். தமிழ்க் கடையொன்றில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே எனக்கு வேலை. (இறங்கி நடப்பது கழிப்பறைக்கு மட்டும்.) சர்க்கரை எல்லையில் நிற்கிறது, உடம்பை அசைக்காவிட்டால் தினமும் குளிசை விழுங்க வேண்டியதுதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நண்பர்கள் ஜெயமும் பெனடிக்ட்டும் நகருக்குள் நடக்கும் ஓர் ஓட்டத்துக்கு என் பெயரையும் சேர்த்துப் பதிந்தார்கள்.

"பம்பலா, சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு ஓடுவம் மச்சான். உடம்புக்கும் நல்லது" என்றான் ஜெயம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். மாதா கோயிலில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பூசை முடிவில் பாதர் என்னை எழுப்பி நிறுத்த, சனம் கைதட்டியது. முடிக்காமல் வந்தால் இனி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அதோடும் அடங்கவில்லை. தண்ணீரையும் வாழைப்பழத்தையும் நம்பி ஓடும் வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் சிரித்தேன். மனைவி ராணிக்கு உத்தரவு போட்டேன்: "எட்டாம் மைலில புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து நில்லும். அதுக்குப் பிறகு பாரும் என்ரை ஓட்டத்தை!"

"ஓடேக்க ஆராவது புட்டுத் தின்னுவினமே?" என்றாள். விளையாட்டு வீரர்களின் உணவு பற்றி அவளுக்குப் பத்து நிமிடம் வகுப்பெடுத்தேன். (நான் அதுவரை பஸ்ஸுக்குப் பின்னால்கூட ஓடியதில்லை.)

சொன்னபடியே எட்டாம் மைலில் ராணி நின்றாள். சேலை, அதன் மேல் குளிர்கோட்டு, வேலைக்குப் போடும் கறுப்புச் சப்பாத்து, கையில் தூக்குச்சட்டி. நண்பர்கள் "வேண்டாம் தங்கச்சி" என்று ஓடிப்போய்விட்டார்கள். நான் நடைபாதையில் குந்தி, மூன்று பேருக்கான புட்டையும் முடித்தேன். பிறகு எழும்ப முடியவில்லை.

"எனக்கு ஏலாது. பஸ் எடுப்பம்."

"பஸ்ஸோ? டொக்டர் சொன்னதை மறந்து போனியளோ? கோயில்ல சனம் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? எழும்புங்கோ, நானும் வாறன்."

இன்னும் ஐந்து மைல். அவள் முன்னே, நான் பின்னே. விமான நிலையத்தில் துடைப்பமும் வாளியுமாக நாள் முழுக்க நடப்பவள் அவள் என்று எனக்குத் தெரியும். அந்த நடை எப்படிப்பட்டதென்று அன்றுதான் பார்த்தேன். துளியும் மூச்சு வாங்கவில்லை! நான் மைலுக்கு ஒரு சாட்டுச் சொல்லி உட்காரப் பார்த்தேன், அவள் விடவில்லை. என்ன பெண்ணப்பா இவள் என்று உண்மையிலேயே வியந்துபோனேன்.

முடிவுக் கோடு கண்ணில் பட்டபோது என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

"நில்லுங்கோ, அவையளைக் கூட்டிக்கொண்டு வாறன்."

ஒரு கையில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, மறுகையில் தூக்குச்சட்டி ஆட, ஓடி முடித்துக் கோட்டுக்கு அப்பால் நின்ற நண்பர்களைத் தேடி ஓடினாள். இருபக்கமும் சனம் ஆரவாரித்தது. கோட்டைத் தாண்டியதுமே ஒரு தொண்டர் பெண் அவள் கழுத்தில் பதக்கத்தைப் போட்டுவிட்டாள். தான் ஓட வந்தவள் இல்லை என்று ராணி விளக்கம் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் கட்டியணைத்து வாழ்த்தினாளாம். நான் ஜெயத்தின் தோளிலும் பெனடிக்ட்டின் தோளிலும் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். எனக்கும் பதக்கம் கிடைத்தது, கைதட்டல்தான் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பாதர் எழுப்பி நிறுத்தியது ராணியை.

மறுவருடம் அவள் தன் பெயரைத் தானே பதிந்தாள். இன்றுவரை ஓடுகிறாள். தினமும் காலையில் என்னையும் பூங்காவுக்கு இழுத்துப் போகிறாள். நான் இன்னும் குளிசை போடாமல் இருப்பது அவள் புண்ணியத்தில்தான். ஓட்ட நாளன்று அவளுடைய கோட்டும் தண்ணீர்ப் போத்தலுமாக எட்டாம் மைலில் நிற்பது நான். அவள் நிற்பதில்லை. போத்தலைப் பறித்துக்கொண்டு, தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போவாள்:

"என்னப்பா, புட்டு எங்கை?"