மீன்கண்ணில் விழுந்தவன்

கேமராப் படத்தின் மூலையில் மணி ஐந்து பத்து. மழைக்கோட்டு போட்ட ஒரு தோள் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டே நிமிடத்தில் படம் அறுந்துபோனது.

நூலகர் அதை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

மாடி நடையில் செருப்புகள் காணாமல் போகின்றன என்று, கதவை ஒட்டிய ஜன்னலில் பழைய வீடியோ கேமராவை அன்றுதான் பொருத்தியிருந்தார். செருப்புத் திருடனைத் தேடப்போய் இவன் அகப்பட்டான். மனைவிக்கு மருத்துவமனையில் மாலை ஷிப்ட். இவர் நூலகத்தைப் பூட்டிவிட்டு வர ஆறு தாண்டிவிடும். அதுவரை பன்னிரண்டு வயது மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள்.

சாயங்காலம் யாராவது வந்தார்களா என்று அவளிடம் கேட்டார். யாரும் வரவில்லை என்றாள். பயத்தில் மறைக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. அவளை மேலும் மிரட்ட வேண்டாமென்று, அன்றிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் கேமராவை அணைத்து, குளியலறைக்குள் கொண்டுபோய்த் தாழிட்டுக்கொண்டு பார்த்தார்.

ஜன்னலிலிருந்து கதவு ஒரு முழம்தான். தோளுக்கு மேல் எதுவும் தெரியவில்லை. மறுநாள் மதியம் கேமராக் கடைக்குப் போய், முழு ஆளும் தெரிகிற மாதிரி லென்ஸின் மேல் மாட்ட ஏதாவது வேண்டும் என்றார். கடைக்காரர் இரண்டு கண்ணாடிகளை எடுத்து வைத்தார்.

"இது வைடு, கொஞ்சம் அகலமா காட்டும். இது மீன்கண்ணு. இந்தச் சுவர்லேருந்து அந்தச் சுவர் வரைக்கும் அள்ளிடும். ஆனா எல்லாத்தையும் வளைச்சுடும்."

"மீன்கண்ணுல முகம் தெரியுமா?"

"முகம் தெரியும் சார். யாரு முகம்னுதான் தெரியாது."

வைடை வாங்கினார். திருகுமரை பொருந்தவில்லை. அதற்கொரு வளையம் வாங்குவதற்குள் இன்னொரு நாள் போயிற்று.

மாட்டிய அன்று மாலை, பூனைபோல மாடியேறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எட்டிப் பார்த்தார். நல்லவேளை, யாருமில்லை. குளியலறையில் உட்கார்ந்து பார்த்தால், ஐந்து பன்னிரண்டுக்கே அவன் வந்து போயிருந்தான். கோட்டின் முக்காடு முகத்தை மறைத்திருந்தது. சுவரோடு சுவராக ஒண்டி வந்து, இரண்டு பக்கமும் திருட்டு முழி முழித்தான். பழம்தின்று கொட்டை போட்டவன்.

மகளைக் கூப்பிட்டு, இனி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள், அப்பாவே கூப்பிட்டாலும் திறக்காதே, குரல் மாற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

"அப்ப நீங்க எப்படி உள்ள வருவீங்க?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் மதியம் மீன்கண்ணை வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போனார். மாலையில் துணைக்கு நூலகத்தின் உடைந்த அலமாரியிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டார். மகள் சொன்ன சொல் தவறாத பிள்ளை. அவர் வீட்டுக்குள் வர நேரமாயிற்று.

இந்த முறை சின்னத் திரை போதாதென்று, அவள் அறையில் படிக்கும் நேரமாகப் பார்த்து டிவியில் இணைத்தார். கோட்டைக் கழற்றக்கூட மறந்துவிட்டது.

நடை முழுவதும் குடம்போல உப்பித் தெரிந்தது. அதன் ஓரத்தில் அவன். பூசணிக்காய்த் தலை, கிளைபோல நீண்ட கை, கையில் வில்லாக வளைந்த ஆயுதம். அரை மணி நேரம் கதவைத் தட்டினான், உதைத்தான், கும்பிட்டான். கடைசியில் மண்டியிட்டுக் கதவுக்கு அடியில் எதையோ உள்ளே தள்ளினான்.

விஷமா, மிரட்டல் கடிதமா? நூலகர் டிவிக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். இத்தனை நடந்த பிறகு, பாவம், பெற்றவன் வந்து கூப்பிட்டால் மட்டும் பிள்ளை எப்படித் திறப்பாள்?

மகள் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தாள். பிறகு அவருடைய அடையாள அட்டையை மேசையில் வைத்தாள்.

"கதவுக்கடியில தள்ளினீங்களே, உங்க கார்டு. கேமராவுல மணி ஒரு மணி நேரம் பின்னாடி ஓடுது, மொதல்ல அதச் சரி பண்ணுங்க. ஆமா, நீங்க கதவத் தட்டினத நீங்களே பாத்து ஏம்ப்பா இப்படி நடுங்குறீங்க?"