ஜாஸுக்குப் போன உறுமி

ஒரு காரியத்தை எப்படித் தொடங்குவது என்று சொல்லிக் கொடுக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்போது நிறுத்துவது என்று சொல்லத்தான் ஆள் கிடையாது. என் ஜாஸ் வாழ்க்கை நாசமாய்ப் போனது அதனால்தான். (ஜாஸ் வாழ்க்கை என்று பெரிதாகச் சொல்கிறேன். மொத்தமே ஒரு பாட்டுதான்.)

நான் லூனாஸ்காரன். பகலில் ஃபேக்டரி, மற்ற நேரமெல்லாம் மாரியம்மன் கோயில். கோயில் மேளத்தில் உறுமி வாசிப்பவன். என் மகள் கவிதா தேவாரம் பாடிக்கொண்டிருந்த பிள்ளை. காலேஜுக்குப் போனாள், ஜாஸ் பாடகியாகத் திரும்பி வந்தாள். சரி, அம்மன் கொடுத்த குரல், எதைப் பாடினாலும் அந்த அம்மனுக்குத்தான் கேட்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் அலோர் ஸ்டாரில் ஒரு ஹோட்டலில், சனிக்கிழமை மாலைத் தேநீர் நேரத்தில் பாடுவதற்கு ஆள் தேடினார்கள். ஒரு நாள் பாடிக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் வாராவாரம் வேலை. கவிதாவுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. அந்த நேரம் பார்த்து அவர்களுடைய டிரம்ஸ்காரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார்.

"வேற ஆளே கெடைக்கலப்பா. நீங்க வாங்க. ஆனா மெதுவா வாசிக்கணும், சரியா?"

"நான் எப்பம்மா சத்தமா வாசிச்சேன்?"

அடுப்படியில் என் மனைவி சிரித்த சத்தம் அடுத்த லைன் வீடுகள் வரைக்கும் கேட்டிருக்கும்.

காது பழகட்டும் என்று என் காரில் ஜாஸ் போட்டுவிட்டாள். எரிச்சல்தான் பழகியது. எங்கள் பஜனையில் ஒருவர் சொல்வதை எல்லாரும் திருப்பிச் சொல்வோம். இங்கே ஒருவர் ஒன்று சொன்னால், அடுத்தவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் வேறு எதையோ சொல்கிறார். பாட்டு நன்றாகத்தான் புறப்படுகிறது. பிறகு எங்கேயோ போய்விடுகிறது.

"பாட்டு எங்கம்மா போச்சு?"

"வரும்ப்பா. பொறுமையா கேளுங்க."

வழியில் பீடோங் ஊரைத் தாண்டியும் வரவில்லை.

ஒத்திகையில், பியானோ வாசிக்கும் லிம் எனக்கு மலாயில் விளக்கினார். விஷயம் இவ்வளவுதான்: "அண்ணே, நடுவுல நாங்க எல்லாரும் நிறுத்திருவோம். நீங்க மட்டும் தனியா வாசிக்கணும். உங்க இஷ்டம்லா. முடிச்சதும் என்னைப் பாருங்க, நாங்க சேர்ந்துக்கிறோம்."

எப்போது முடிப்பது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உறுமிக்காரனுக்கு அது தெரியாதா? யாருக்காவது அருள் வர வேண்டும். பூசாரி திருநீறு பூச வேண்டும். சாமி மலையேற வேண்டும். அப்போதுதான் கை நிற்கும். இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த முடிவு அது ஒன்றுதான்.

அன்றைக்கு ஹோட்டலில் ஏர்கோன் குளிரில் பெரிய மனிதர்கள் குட்டிக் குட்டி கேக் தின்றுகொண்டிருந்தார்கள். கவிதா அருமையாகப் பாடினாள். நடுவில் எல்லாரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அம்மனை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி ஆரம்பித்தேன்.

யாருக்கும் வரவில்லை. வேகத்தைக் கூட்டினேன். அப்போதும் வரவில்லை. (கேக் தின்கிற கூட்டத்துக்கு எங்கே வரும்?) ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். முன் மேசையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் அருள் அப்படித்தான் ஆரம்பிக்கும். தலை ஆட ஆரம்பித்துவிட்டால் உறுமிக்காரன் தூரத்தில் நிற்கக் கூடாது. கிட்டே போய், அடி குறையாமல் வாசிக்க வேண்டும். மேடையை விட்டு இறங்கினேன். அவர் இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினார். நான் இன்னும் கிட்டே போனேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று நான் வேர்த்து ஒழுக வாசிக்கிறேன். லிம் இருமுகிறார். மைக்கில் "அப்பா, அப்பா" என்று கேட்கிறது. அதற்காக, பாதி வழியில் வந்த சாமியை விட்டுவிட்டு நிறுத்த முடியுமா? பாவமில்லையா?

கவிதா இறங்கி ஓடி வந்தாள். மேசையில் வெள்ளைச் சீனித்தூள் தூவிய கேக் ஒன்று இருந்தது. அதிலிருந்து மூன்று விரலால் வழித்து, என் நெற்றியில் பட்டையாக இழுத்து, "மலையேறு தாயே," என்றாள்.

கை தானாக நின்றுவிட்டது. சீனி மூக்கு வழியாக வழிந்து உதட்டில் இனித்தபோதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று புரிந்தது. லிம் சட்டென்று பியானோவில் கையை வைத்தார், கவிதா அங்கேயே நின்று பாடினாள், கூட்டம் கை தட்டியது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த மேடம்தான் ஹோட்டல் மேனேஜர். "போதும், நிறுத்துங்க" என்றுதான் அவ்வளவு நேரமும் தலையை ஆட்டியிருக்கிறார். கவிதாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் உறுமியைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். தாயே, என் மடத்தனத்துக்கு என்னைக் கேள், பிள்ளையின் பிழைப்பில் கை வைத்துவிடாதே என்று உண்மையிலேயே கண் கலங்கிப்போய் வேண்டிக்கொண்டேன்.

கவிதா திரும்பி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வேலை கெடைச்சிருச்சுப்பா. ஒரு கண்டிஷன்."

"என்னம்மா?"

"அங்கிள் வரலாமாம். மேளம் வரக்கூடாதாம்."

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். கடைசி மேசையில் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்காருவேன். போன பாட்டு திரும்பி வருவது இப்போதெல்லாம் எனக்கும் கேட்கிறது. ஆனால் அதற்குள் விஷயம் லூனாஸ் முழுக்கப் பரவிவிட்டது. வீட்டில் நான் கொஞ்சம் நீளமாகப் பேசினால் போதும், "கவிதா, அந்தச் சீனி டப்பாவ எடும்மா" என்கிறாள் என் மனைவி.

போன திருவிழாக் கூட்டத்தில் நான் பேச எழுந்தேன். இரண்டு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். பூசாரி தட்டோடு பக்கத்தில் வந்து, பயபக்தியாகக் கேட்டார்:

"அண்ணே, திருநீறு போதுமா, சீனி கொண்டு வரவா?"