முடியாத கடைசி வரி

"நேத்து மட்டும் நாற்பது பேர் பாதியில லைனைக் கட் பண்ணியிருக்காங்க சார்," என்றாள் ஆபரேட்டர்.

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு மேலாளர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். பாதியில் அறுந்த அழைப்புகளை எண்ணிக் காட்டும் கம்ப்யூட்டர் ஒன்று போன வாரம்தான் வந்து தொலைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது பத்தாகக் குறையாவிட்டால் அவரைக் கிடங்குக்கு மாற்றிவிடுவதாக எம்.டி. அம்மா சொல்லிவிட்டார். கிடங்கில் மின்விசிறி கிடையாது. அதிகாரம் செய்ய ஆளும் கிடையாது.

தலைக்கு மேலே சுவரில் போன வருஷப் பாராட்டுப் பத்திரம் தொங்கியது: 'நான்கு நிமிடங்களுக்கு மேல் ஒரு வாடிக்கையாளரும் காத்திருக்கவில்லை.' அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கா இந்தக் கதி!

"எல்லாம் அந்தப் பாட்டால வந்த வினை," என்றார்.

காத்திருப்பவர்களுக்காகப் போனில் ஓடும் பாட்டு அது. பிரிந்துபோனவனை நினைத்து ஒரு பெண் உருகி உருகிப் பாடுவாள்.

"மெஷின் ரிப்பேர்னு போன் பண்றவனுக்கு இந்த ஒப்பாரி வேறயா? மாத்தும்மா!"

அதே பாட்டை அவருடைய மச்சினன் பழங்காலப் பாணியில் பாடி வைத்திருந்தான். துள்ளல் தாளம், கூடவே தேய்ந்த இசைத்தட்டின் கரகரப்பு.

"அந்தக் கரகரப்புக்கே மூணு நாள் உழைச்சேன் மாமா," என்று பெருமையோடு கொடுத்தான்.

புதன்கிழமை அதைப் போட்டார்கள். "ஹலோ! ஹலோ! லைன் கரகரங்குதே!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தவர்களையும் சேர்த்து, எண்ணிக்கை எழுபது.

பாட்டைத் தூக்கப் போகிறார் என்று தெரிந்ததும் மச்சினன் அக்காவிடம் முறையிட்டான். அக்கா வீட்டில் பேச்சை நிறுத்தினாள். மனைவியின் மௌனமா, கிடங்கின் புழுக்கமா என்று யோசித்து, மேலாளர் வியாழக்கிழமை இரண்டு பாட்டையும் வைத்தார். ஒன்றை அழுத்தினால் அசல், இரண்டை அழுத்தினால் புதுசு.

அன்றைக்குப் போன் ஓயவே இல்லை.

"உங்க புகார் என்னம்மா?" என்றாள் ஆபரேட்டர்.

"புகார் கிடக்கட்டும். ஆயிரம் சொல்லு, அசல் அசல்தான்! 'கதவைத் திறந்தேன், அங்கே...'ன்னு அப்படியே நிறுத்திடறா பாரு. அப்புறம் ஒரே அமைதி. எனக்கு ரிசீவரைக் கீழ வைக்கவே மனசு வரலம்மா."

அடுத்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "ரெண்டையும் மூணு மூணு தடவை கேட்டேன். புதுசுல, 'அங்கே காற்றுதான்'னு பட்டுனு சொல்லிடறான். விவஸ்தை வேணாம்? சொல்லாம விட்டதுலதானே உசுரே இருக்கு! அதோட நிக்காம மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சு, நடுவுல விட்டுட்டுப் போயிடறான்."

"உங்க மெஷின் சார்?"

"அது ஓடலை. இருங்க, இன்னொரு தடவை அசலைக் கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

கால் ஆடவைக்கும் பாட்டே பாட்டு என்று ஒரு தையற்காரம்மா புதுசுக்காக வரிந்துகட்டினார். சாயங்காலம் கம்ப்யூட்டர் நூற்று முப்பது என்று காட்டியது. மேலாளர் மேஜை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை எம்.டி. அம்மா உள்ளே நுழைந்தபோது மேலாளர் திறந்த டிராயருக்கு முன்னால் எழுந்து நின்றார். நெரிசலுக்காகக் கூடுதல் இணைப்புக் கொடுக்க வந்த டெலிபோன் மெக்கானிக் மட்டும் ஏணியில் நின்று நிதானமாக ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார்.

எம்.டி. அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"காலையில நானே போன் பண்ணிப் பார்த்தேன். அந்த முடியாத கடைசி வரி! அந்த மௌனம்! கார்லயே அழுதுட்டேன். இந்த அசலை யார் தேர்ந்தெடுத்தது?"

'ஒப்பாரி' என்று சொன்ன வாய் சட்டென்று கட்சி மாறியது.

"நான்தான் மேடம். அந்த மௌனத்துக்காகவே தேடித் தேடி எடுத்தேன்."

"இவ்வளவு ரசனை இருக்கிற ஆளையா கிடங்குக்கு அனுப்புறது? நீங்க இங்கயே இருங்க."

மேலாளர் டிராயரை மெல்லக் காலால் மூடினார். போன உயிர் திரும்பி வந்தது.

ஏணி மேலிருந்து மெக்கானிக் சிரித்தார். "மௌனமாவது ஒண்ணாவது மேடம்! அது அஞ்சு நிமிஷப் பாட்டு. ஒருத்தரும் நாலு நிமிஷத்துக்கு மேல காத்திருக்கக் கூடாதுன்னு போன வருஷம் சார் கறாரா சொன்னாரு, அதான் நாலாவது நிமிஷம் லைன் தானா கட் ஆகற மாதிரி வச்சிருக்கேன்."