பாய் விரிக்க ஆட்சேபணை இல்லை

நெருப்பை யாரோ கண்டுபிடித்தார்கள். சக்கரத்தையும் யாரோ கண்டுபிடித்தார்கள். ஆனால் மனிதன் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக இருப்பதற்கு ஒரு துணைக்குழுவும், ஒரு வருகைப் பதிவேடும், மூன்று பிரதிகளில் ஒரு விண்ணப்பமும் தேவை என்பதைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் தெருவையே சாரும். வரலாறு இதை ஒருநாள் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாவிட்டால் எங்கள் செயலாளர் வரலாற்றுக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்புவார்.

எனக்கு அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் கிடையாது. என் சமையலறை ஜன்னலும் லைன்மேன் வீட்டுச் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர் இருப்பது வீடு கட்டியவரின் குற்றம். திறந்த ஜன்னல் வழியே வருவதை நான் பார்க்கிறேன், கேட்கிறேன், மறந்துவிடாமல் இருப்பதற்காக நாலு பேரிடம் சொல்லிவைக்கிறேன். இதற்குத் தெருவில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் இதைத் "தகவல் பாதுகாப்பு" என்கிறேன்.

எங்கள் தெரு ஓர் ஏரியில் போய் முடிகிறது. கடைசி வீடு லைன்மேனுடையது. மின்கம்பங்களில் முப்பத்திரண்டு வருஷம் ஏறி இறங்கி, ஓய்வுபெற்று நாலு வருஷமாகிறது. ஆனாலும் பட்டம் ஓய்வு பெறவில்லை. பேசும்போது அவர் எல்லோருக்கும் அண்ணன், அவர் மனைவி அண்ணி. ஓய்வுபெற்ற மறு மாதமே அண்ணன் கையால் ஒரு சின்னப் படகு செய்தார். அண்ணி தையல் மிஷினில் அதற்கு ஒரு பாய் தைத்துக் கொடுத்தார். ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணன் படகைத் தண்ணீரில் தள்ளி, பாய்மரத்தில் பாயை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். பன்னிரண்டரைக்குத் திரும்புவார். அதற்குள் அண்ணி வெண்ணெயில் வெங்காயத்தை வதக்க ஆரம்பித்திருப்பார். பெரிய பானை. அன்றைக்கு ஏரி மீன் கொடுத்தால் மீன் சூப். கொடுக்காவிட்டால் உருளைக்கிழங்கு சூப். பெரும்பாலும் உருளைக்கிழங்குதான்.

அந்த வாசனை ஐந்தாவது வீடு வரைக்கும் தெளிவாகப் போகும். காற்று நன்றாக இருந்தால் எட்டாவது வீடு. உடனே எட்டு வீட்டுக்காரர்களுக்கும் லைன்மேன் வீட்டில் ஏதாவது வேலை வந்துவிடும். பல் டாக்டர் ஸ்க்ரூடிரைவர் இரவல் கேட்க வருவார். ஒரே ஸ்க்ரூடிரைவரைப் பதினோரு தடவை இரவல் வாங்கியவர் அவர். பன்னிரண்டாவது தடவை வரும்போது கையில் கிண்ணம் இருந்தது. அண்ணி எதையும் கேட்கமாட்டார், கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொள்வார். நானும் போவேன், ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சரிபார்க்க.

அந்த இரண்டரை மணி நேரம் ஏரி நடுவில் என்னதான் செய்கிறீர்கள் என்று அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன்.

"நான் ஒண்ணும் செய்யல. காத்து செய்யுது. நான் உக்காந்திருக்கேன்," என்றார்.

மீதியை அண்ணிதான் சொன்னார். முப்பத்திரண்டு வருஷம் கம்பத்தின் உச்சியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வேலை செய்தவராம். பிடியை விடாதே, விடாதே என்று உடம்புக்குச் சொல்லிச் சொல்லி, இப்போது படுக்கையில்கூட கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடுவாராம். "ஞாயித்துக்கிழமை படகுல போயிட்டு வந்து, சாப்பிட்டு விழுந்தாருன்னா, அப்பதான் ரெண்டு கையும் விரிஞ்சு கெடக்கும். வாரத்துக்கு அந்த ஒரு தூக்கம்தான் நெஜம்," என்றார், வெங்காயத்தைக் கிளறிக்கொண்டே.

இந்தத் தகவலை நான் பாதுகாக்கக் கடமைப்பட்டேன். செயலாளரிடம் சொன்னேன்.

செயலாளர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் உயிர்நாடி. ஏதோ ஓர் இலாகாவில் கோப்புகளை மேலே அனுப்பும் பதவியில் இருந்தவர். மேலேயிருந்து அவை திரும்பி வருவதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார். அந்த வாரம்தான் அவர் "விழிப்போடு வாழ்தல்" என்ற மூன்று நாள் முகாமிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே ஒரே ஓர் உலர்ந்த திராட்சையைப் பதினேழு நிமிஷம் மெல்லச் சொல்லிக் கொடுத்தார்களாம். "எளிய இன்பப் பயிற்றுநர், முதல் நிலை" என்று சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் நிலையில் திராட்சையும் கிடையாதாம்.

நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் பிரகாசித்தது. இவ்வளவு பெரிய இன்பம் நம் தெருக்கோடியில் எந்தவித மேற்பார்வையும் இல்லாமல் கிடக்கிறதே என்று பதறினார். அடுத்த நாளே கூட்டம். "எளிய இன்பங்கள் பாதுகாப்புத் துணைக்குழு" என்று பதினேழு பேர் கொண்ட குழு அமைந்தது. எளிமைக்குப் பதினேழு பேர் போதுமா என்று சிலர் கவலைப்பட்டார்கள்.

முதல் மூன்று கூட்டங்கள் "எளிய" என்றால் என்ன என்பதில் போயின. நான்காவது கூட்டத்தில் சூப்பில் உப்பின் அளவு தீர்மானிக்கப்பட்டது. வாசனை ஐந்தாவது வீட்டோடு நின்றுவிடுவது சமத்துவத்துக்கு விரோதம் என்று பன்னிரண்டாவது வீட்டுக்காரர் ஆட்சேபித்ததால், மின்விசிறி வைத்து வாசனையைத் தெரு முழுக்கச் சீராக விநியோகிக்கலாம் என்று பல் டாக்டர் யோசனை சொன்னார். அது ஏகமனதாக நிறைவேறியது.

அண்ணன் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, நாற்காலியின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் அபிப்பிராயம் கேட்டபோது, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மட்டும் கூட்டம் வைக்காதீங்க," என்றார். அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை.

ஐந்தாவது கூட்டத்தில்தான் செயலாளர் அந்த வரலாற்றுக் கேள்வியைக் கேட்டார்: இந்தப் படகுக்கு அனுமதி இருக்கிறதா?

யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்டதில்லை. நாலு வருஷமாக ஏரி பராமரிப்பு அலுவலகத்துக்கும் தெரியாது, அவர்களும் கேட்டதில்லை. இப்படி ஓர் இன்பத்தை அனுமதியில்லாமல் அனுபவித்துக்கொண்டிருப்பது ஆபத்து, நாளைக்கே யாராவது நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று செயலாளர் உருகினார். ஆகவே யாரும் நிறுத்திவிடாமல் இருக்க, நாமே முந்திக்கொண்டு அனுமதி கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. கையைத் தூக்கினோம். எல்லோரும்.

விண்ணப்பத்தைச் செயலாளரே எழுதினார். "படகு" என்ற சொல் கொச்சையாக இருக்கிறது, அந்தச் சொல்லைப் போட்டால் ஒன்பது பக்க இணைப்பும் நிரப்ப வேண்டியிருக்கும் என்று அதை அடித்துவிட்டார். கடைசியில் வாசகம் இப்படி அமைந்தது: "பொதுநலன் கருதி, ஞாயிறுதோறும் முற்பகலில் மேற்படி ஏரியில் பாய் விரித்துக் காற்று வாங்க அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்." படிக்கும்போதே காற்று வீசியது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஓர் ஆய்வாளர் வந்தார். கரையை அளந்தார். படகைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அண்ணி கொடுத்த சூப்பைக் குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார், போனார். அதற்கடுத்த வாரம் ஆணை வந்தது.

அந்த ஆணை எளிமைக்கே இலக்கணம். மேற்படி ஏரியின் கரையில் பாய் விரித்து அமர்வதற்கு ஆட்சேபணை இல்லை. பாயின் அளவு ஆறடிக்கு நாலடியை மிஞ்சக் கூடாது. பாய் ஒன்றுக்கு இருவர். நீர்ப்பரப்பின் மீது பாய் விரித்தால் நனைந்துவிடும் என்பதால் அக்கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. காற்று "வாங்குவது" கொள்முதல் பிரிவின் கீழ் வருவதால் அது குறித்துத் தனியே முடிவெடுக்கப்படும். கடைசி வரி: கள ஆய்வின்போது கரையில் அனுமதியற்ற படகு ஒன்று காணப்பட்டது, அது இனி நீரில் இறக்கப்படக் கூடாது.

மறுநாள் செயலாளர், அண்ணன் இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். காரில் ஓர் இடம் காலியாக இருந்ததால் நானும் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மறுத்தார்.

"பாய்னு கேட்டிருக்கீங்க. பாய் குடுத்திருக்கோம். இதுல என்ன குறை?"

"சார், இது படகுப் பாய்," என்றார் செயலாளர்.

"படகுல பாய் போடக்கூடாது. படகுல படுக்கக்கூடாதுன்னு தனி விதியே இருக்கு."

"படுக்குற பாய் இல்ல சார். நிக்கிற பாய்."

குமாஸ்தா பேனாவை மூடினார். "நிக்கிற பாயில எப்படிங்க உக்காருவீங்க?"

செயலாளர் எழுந்து நின்று, இரு கைகளையும் அகல விரித்து, கன்னத்தை உப்பி, காற்றுப் பிடித்த பாய் எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்டினார். இலாகாவில் முப்பது வருஷம் அவர் இவ்வளவு உழைத்திருக்கமாட்டார். குமாஸ்தாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அவர் முகம் வாடியது.

"திருத்திடலாம் சார். அதுக்கு ஒரு திருத்த மனு குடுக்கணும். அந்தப் படிவத்துல ஒரு கட்டம் இருக்கு, இதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் அனுமதி இல்லாம ஓட்டினீங்கன்னு. அதை நிரப்பினீங்கன்னா படகை நாங்க எடுத்துட்டு வரணும். நிரப்பலைன்னா மனு செல்லாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க கேக்காமலே இருந்திருக்கலாம்," என்றார்.

வழியெல்லாம் செயலாளர் பேசிக்கொண்டே வந்தார். இது தோல்வியல்ல, கொள்கையளவில் வெற்றி; கோரிக்கையில் பாதி ஏற்கப்பட்டிருக்கிறது; மேல்முறையீட்டுக்கு முகாந்திரம் உண்டு. அண்ணன் முன் இருக்கையில், தலைக்கு மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரு முனை வந்ததும் சொன்னார்:

"நான் கேக்காம போயிட்டிருந்தேன் சார். நீங்க கேட்டீங்க. நின்னுபோச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நாங்கள் ஒரு சமரசக் குழு அமைத்திருப்போம்.

ஆணையை வீணாக்கக் கூடாது என்பதில் சங்கம் உறுதியாக இருந்தது. இப்போது ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒன்பது பாய்களில் பதினேழு பேர் கரையில் உட்காருகிறோம். ஒன்பதாவது பாயில் நான் தனியாக. மற்றவர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதாவது சொல்லவேண்டியிருக்கும் என்று பயப்படுகிறார்கள். பல் டாக்டர் மணி அடிப்பார், ஆளுக்கு ஒரு திராட்சை வாயில் போடுவோம், ஏரியைப் பார்ப்போம். வெறும் ஏரி. ஒரு வெள்ளைப் புள்ளி அதில் நகர்ந்துகொண்டிருந்தபோது பார்ப்பதற்கு ஏதோ இருந்தது போலத் தோன்றுகிறது. ஆனால் அது முதல் நிலைப் பயிற்சி பெறாதவர்களின் பார்வை.

சூப்புக்கு ஆள் வைத்துவிட்டோம். தீர்மானித்த உப்போடு, பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் வருகிறது. அண்ணி சமைப்பதை நிறுத்தவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் சமைக்கிறார், சின்னப் பாத்திரத்தில். வாசனை வரவில்லை. படகுப் பாயைக் கழற்றி நாலாக வெட்டி, ஜன்னலுக்குத் திரை தைத்துவிட்டார். நல்ல கெட்டித் துணி. ஒன்றும் தெரியவில்லை. திரை வழியாகக் கேட்டதில், அண்ணன் மத்தியானம் படுக்கிறார், ஆனால் கட்டில் அடிக்கடி கிறீச்சிடுகிறது என்பது மட்டும் தெரிந்தது. ஒருநாள் கிண்ணத்தோடு வாசலில் போய் நின்றேன். அண்ணி கிண்ணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "சங்கத்துல குடுக்குறாங்களேம்மா," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

படகை என்ன செய்வது என்பதற்கும் சங்கம் ஒரு வழி கண்டது. கரையில் கிடந்தால் அலுவலகத்தார் எடுத்துப்போய்விடுவார்கள் என்று, தெரு முனைக்குத் தூக்கிவந்து, மண் நிரப்பி, பூச்செடி வைத்தோம். அண்ணனும் ஒரு கை பிடித்தார். எளிய இன்பத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்? முன்னால் ஒரு பளிங்குக் கல்லும் நட்டோம். வாசகம் செயலாளருடையது. "எளிய இன்பத்தின் நினைவாக" என்று மேலே பெரிதாக. அதற்குக் கீழே தேதி. அதற்குக் கீழே துணைக்குழுவினர் பதினேழு பேரின் பெயர்கள், பதவிகளோடு. இடம் போதாததால் அண்ணன் பெயரைப் போட முடியவில்லை.

போன வாரம் பார்சல் கொண்டுவந்த ஆள் ஒருவர் கல்லுக்கு முன் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகப் படித்தார். அண்ணி கடைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார். நான் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது என் முறை.

"ஏங்க, ஒரே நாள்ல பதினேழு பேரா தவறிட்டாங்க? ஏதாவது விபத்தா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் அவர்.

அண்ணி பையைக் கை மாற்றிக்கொண்டார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இல்லப்பா. அது செத்தவங்க பேரு இல்ல. செஞ்சவங்க பேரு."

அவர் மறுபடியும் குனிந்து, இந்தத் தடவை ஒவ்வொரு பெயராக நிறுத்திப் படித்தார். எட்டாவது என்னுடையது. தெளிவாக, ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.