எழுந்ததுதான் எழுந்தீங்க

இனிமேல் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுவதில்லை என்று பஞ்சர்க்காரர் முடிவு செய்துவிட்டார்.

ஆயுசு முழுக்க என்று அர்த்தமில்லை. கடைக்குப் போவார், குளிப்பார், தூங்குவார். ஆனால் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாரானால், தட்டில் சாப்பாடு வரும்வரை கூரையே இடிந்து விழுந்தாலும் அசையக்கூடாது. ஒரு மனுஷன் இப்படி ஒரு முடிவுக்கு வருகிறான் என்றால் எவ்வளவு நொந்துபோயிருக்க வேண்டும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எல்லாம் ஒரு லாரி டயரில் ஆரம்பித்தது. கடையில் அதை உருட்டிக்கொண்டு படியிறங்கியவர், டயரை விட்டுவிட்டுத் தான் மட்டும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு வால் எலும்பில் அடி. வால் போய் எத்தனையோ காலமாகியும் அதற்கான எலும்பை மட்டும் எதற்கு விட்டுவைத்திருக்கிறார்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“உட்கார்றப்போ காத்தடைச்ச வளையம் போட்டு உட்காருங்க. நடுவுல ஓட்டை இருக்கறதால எலும்பு எங்கயும் படாது. ஆனா அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நாலு நடை நடக்கணும். உட்கார்ந்தே இருந்தீங்கன்னா இடுப்பு பிடிச்சுக்கும்.”

முதல் பாதி அவர் காதில் விழுந்தது. இரண்டாவது பாதி விழாமல் அவரே பார்த்துக்கொண்டார். கூட வந்த மனைவி சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டிருக்க மாட்டாள் என்ற நிம்மதியோடு வெளியே வந்தார்.

அந்த ரப்பர் வளையத்தில் முதல்முறை உட்கார்ந்தபோது பஞ்சர்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து தப்புத் தப்பாகவே உட்கார்ந்து வந்திருக்கிறோம் என்று தோன்றியது. வாயால் ஊதுவது தொழிலுக்கே இழுக்கு என்று, பின்கட்டில் கிடந்த கால் பம்பை மிதித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பதமாகக் காற்று நிரப்பிக்கொண்டார். காற்று விஷயத்தில் அவரை அசைக்க ஆளில்லை. அந்தத் தெருவில் உருளும் சக்கரம் எல்லாம் அவர் அடைத்த காற்றில்தான் உருண்டன. நாலு வீடு தள்ளி ஒரு சைக்கிளில் காற்று இறங்கினால்கூடத் தூக்கத்திலிருந்து விழித்துவிடுவார். பக்கத்தில் மனைவி இருமினால் விழிக்கமாட்டார். அது வேறு விஷயம்.

மனைவிக்குத் துணிக்கடையில் விற்பனை வேலை. வாங்க வருகிறவர்களுக்குத்தான் அங்கே ஸ்டூல். விற்கிறவர்கள் கடை திறந்தது முதல் நின்றுகொண்டே இருக்கவேண்டும். அவருக்கு முன்னால் வீடு திரும்பி, அடுப்பங்கரையில் மறுபடி நிற்பாள். வீட்டில் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

“ஏங்க, கொஞ்சம் காய் நறுக்கித் தர்றீங்களா?”

“டாக்டரம்மா என்னை உட்காரச் சொல்லியிருக்காங்க.”

“எவ்வளவு நேரம்?”

“உட்காரச் சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான்.”

“சரி.”

அந்த ‘சரி’யில் அவர் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாக்குவாதம் இல்லாமல் சரி என்று சொன்னது எதுவும் அவருக்கு நல்லதாக முடிந்ததில்லை. ஆனால் வளையத்தின் சுகம் மூளை வரைக்கும் ஏறியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டிருப்பதாக உணர்ந்தார். படம் மேலே போனது. அவர் இறங்கினார். கடைசியில் வால் எலும்பு நாற்காலிப் பலகையை நலம் விசாரித்தது.

“ஐயோ. ஏய், இதுல காத்து இறங்குது.”

“எனக்கென்ன தெரியும்? காத்தெல்லாம் உங்க டிபார்ட்மெண்ட் ஆச்சே.”

முனகிக்கொண்டே எழுந்தார். பின்கட்டுக்குப் போய்ப் பம்பை மிதித்தார். மூடியைத் திருகி, வளையத்தைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தார். உட்காரப் போனார்.

“எழுந்ததுதான் எழுந்தீங்க, அப்படியே அந்தத் தண்ணிக் கேனைத் தூக்கி வச்சிடுங்களேன்.”

நின்றுகொண்டிருக்கும் ஆள் என்ன காரணம் சொல்ல முடியும்? தூக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அரைமணி போனதும் மறுபடி பலகை தட்டுப்பட்டது. மறுபடி பம்பு.

“எழுந்ததுதான் எழுந்தீங்க, கொடியில துணி காயுது பாருங்க.”

அதற்கப்புறம் குப்பைக் கூடை. அடுத்த நாள் ஒட்டடை. அதற்கடுத்த நாள், நின்றபடியே அத்தனை வெங்காயத்தையும் உரித்துவிட்டு, இந்தக் கண்ணீரில் எது வெங்காயத்துக்கு, எது நமக்கு என்று பிரிக்கத் தெரியாமல் நின்றார் அந்த மனுஷன்.

வேலை செய்தது கூடப் பரவாயில்லை. மானம் போனதுதான் தாங்கவில்லை. தினமும் வளையத்தை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். எந்த டியூபைக் கையில் எடுத்தாலும் முதலில் வால்வை ஒரு இறுக்கு இறுக்கிவிட்டு, பிறகுதான் தண்ணீரில் போடுவார். கைக்கு ஊறிப்போன பழக்கம். அதேபோல மூடியை இறுக்கினார், அமுக்கினார், சுற்றிச் சுற்றித் திருப்பினார். ஒரு குமிழி வரவில்லை. ஓட்டை இல்லை. ஆனால் காற்று இறங்குகிறது. உலகத்தில் எந்த டியூபும் அவரிடம் இப்படி நடந்துகொண்டதில்லை.

“தொழில்ல கை விட்டுப்போச்சோ என்னவோ,” என்றாள் மனைவி, தோசைக் கரண்டியைக் கழுவிக்கொண்டே. “வேற பஞ்சர் கடையில காட்டிப் பார்க்கலாமாங்க?”

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பசித்தது, ஆனால் சாப்பிடவில்லை.

மறுநாள் பின்கட்டில் வாளியோடு அவர் உட்கார்ந்திருந்தபோது, ஏணி கேட்டு எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் வந்தான்.

“என்னண்ணே, வளையத்தைக் குளிப்பாட்டறீங்களா?”

“காத்து இறங்குதுடா. எங்கேன்னு தெரியல.”

“உங்களுக்கேவா? குடுங்க, நான் பாக்கறேன்.”

அவர் கை மூடிக்குப் போகுமுன் அவன் வளையத்தைப் பிடுங்கி அப்படியே தண்ணீரில் அமுக்கிவிட்டான். மூடி இருந்த இடத்திலிருந்து குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின.

“மூடியே சரியா திருகலண்ணே. ஊருக்கெல்லாம் வால்வு பாக்கறவரு, சொந்த வால்வைக் கோட்டை விட்டுட்டீங்களே.” ஏணியை மறந்துவிட்டு, செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

பஞ்சர்க்காரர் திரும்பி அடுப்பங்கரையைப் பார்த்தார். அங்கே மனைவி ஒரே ஒரு கேரட்டை வெகு நேரமாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. அவர் கேனைத் தூக்கப் போனபோது கூடத்தில் இருந்தவள் யார்? துணி எடுக்கப் போனபோது நாற்காலியைத் துடைத்தவள் யார்? கொஞ்ச நாளாக டிவி சத்தம் ஏன் அவ்வளவு கூடியிருந்தது? அவள் மூடியைத் தளர்த்திவிடுவாள். சோதிக்கும்போது அவரே இறுக்கிவிடுவார். திருடனைப் பிடிக்கப் போய், திருடனுக்குக் கதவைச் சாத்திக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார் தினமும்.

அவர் சண்டை போடவில்லை. பேச்சில் அவளை ஜெயித்த சரித்திரம் கிடையாது. தொழிலில் ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தார். மறுநாள் வளையத்தைப் பைக்குள் மறைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். காற்றை நிரப்பினார். மூடியை இறுக்கினார். சுற்றிலும் சொல்யூஷன் தடவி, அதன்மேல் கெட்டியான ரப்பர் துண்டை வெட்டி ஒட்டி, நாள் முழுக்கக் காயவிட்டார். தன் வாழ்நாளில் அவ்வளவு அழகான ஒட்டு அவர் போட்டதில்லை.

எழுவதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்தது அன்று சாயங்காலம்தான்.

“இனிமே இதுல காத்து இறங்காது,” என்று அறிவித்தார்.

“நிஜமாவா?”

“என் தொழில்மேல ஆணையா. ஆயுசுக்கும் இறங்காது.”

“மூடியைத் திறந்தா?”

“திறக்க முடியாது. யாராலயும் முடியாது. நானே நினைச்சாலும் முடியாது.” யாராலயும் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

“சரி,” என்றாள்.

டிவியை அணைத்தாள். வாசல்பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிசாக, நீளமாக, ஸ்ஸ்ஸ் என்று.

பஞ்சர்க்காரரின் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

“ஏதோ சத்தம் கேக்குதுல்ல?” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கல.”

“நம்ம ஸ்கூட்டர் மாதிரி இருக்கு.”

“இருக்கட்டும்.”

“பின் டயரா இருக்குமோ?”

“முன் டயர்,” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவருக்கு நெற்றியில் வேர்த்தது. எழக்கூடாது என்று மனசு சொன்னது. காற்று போய்க்கொண்டே இருந்தது. சத்தம் மெலிந்து, சுருதி இறங்கி, உயிர் பிரியப்போகிற மாதிரி இழுத்தது. அதற்குமேல் அவரால் முடியவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

முன் டயரின் வால்வுக்குள் காற்றைப் பிடித்து நிறுத்தும் ஊசி பாதி கழற்றப்பட்டிருந்தது. வால்வின் மூடி தொலையாமல் ஸ்கூட்டர் சீட்டின்மேல் இருந்தது. பக்கத்தில், அந்த ஊசியைக் கழற்றும் அவருடைய சொந்த வால்வு சாவி.

ஊசியை இறுக்கிவிட்டு உள்ளே வந்தார். மனைவி நாற்காலியில் இருந்தாள். வளையத்தின்மேல். சாய்ந்து, கண்ணை மூடி, காலை நீட்டியிருந்தாள். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் சிவந்து கிடந்தது. அதை அவர் இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. வளையத்தைப் பார்த்தார். கும்மென்று இருந்தது. தளர்த்த ஒரு வழியும் இல்லை. இருந்த ஒரு வழியையும் அடைத்தவர் அவர்தான்.

“அது டாக்டரம்மா எனக்குச் சொன்னதும்மா,” என்றார், ஈனஸ்வரத்தில்.

“டாக்டரம்மா ரெண்டு சொன்னாங்க,” என்றாள், கண்ணைத் திறக்காமல். “உட்கார்றதை நான் பாத்துக்கறேன். நடக்கறதை நீங்க பாத்துக்கங்க.”

அவர் நின்றார். வேறென்ன செய்வது?

“எழுந்ததுதான் எழுந்தீங்க, அப்படியே எனக்கும் ஒரு தட்டுல சாப்பாடு போட்டுக் கொண்டுவந்துடுங்க.”

இரண்டு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் திரும்பி நின்று, கடைசியாக ஒரு நம்பிக்கையில் கேட்டுப் பார்த்தார்.

“அப்ப நீ எப்பத்தான் எழுந்திருப்பே?”

“காத்து இறங்கினதும்.”