பொம்பா அண்ணன் நெருப்பு மூட்டிய கதை

பினாங்குத் தீவிலேயே நெருப்புக்கு அதிகம் பயந்த மனிதர் எங்கள் ஜெலுத்தோங் ஃபிளாட்டின் ஐந்தாம் மாடியில்தான் குடியிருந்தார். நம்மைப் போலக் கையைச் சுட்டுக்கொண்டு அப்புறம் பயந்தவர் இல்லை. பக்கத்து டீக்கடையில் யாராவது "சூடா ஒரு தே போடு" என்று சொன்னாலே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

அவர் பெயர் என்னவென்று ஃபிளாட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. தீயணைப்புக்காரர்களை இங்கே பொம்பா என்போம். அதனால் அவர் பொம்பா அண்ணன். மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. காலையில் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போவார், சாயங்காலம் திரும்புவார். வேலை மட்டும் அக்கரையிலேயே நிற்காமல் அவர் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். அவர் வீட்டில் பிறந்தநாள் கேக்கின் மேல் பேட்டரி மெழுகுவத்திதான் நிற்கும். பிள்ளைகள் ஊதுவார்கள், அவர் பின்னாலிருந்து சுவிட்சை அமுக்குவார். தீபாவளிக்கு ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, ஒரு பிள்ளைக்கு ஒரு மத்தாப்பு. எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வருவதற்குள் பண்டிகையே முடிந்துவிடும்.

அவர் மனைவி பரமேஸ் அக்கா நர்ஸ். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இவரு கேட்ட மொத கேள்வி என்னா தெரியுமா? கேஸ் தோங் எங்க வச்சிருக்கீங்கன்னு. என் பேரையே அப்புறம்தான் கேட்டாரு." தோங் என்றால் இங்கே சிலிண்டர்.

இவர்களுக்கு இரண்டு பெண்கள். தர்ஷினிக்கு அப்போது பதினொரு வயது, கவிஷாவுக்கு எட்டு. என் மகள் நிஷாவுக்கு ஒன்பது. பாதிநாள் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு.

தர்ஷினி பள்ளி முகாமுக்குப் போய் வந்த அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. முகாமில் மற்ற பிள்ளைகள் விறகு அடுக்கி நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். இவள் தீப்பெட்டியைத் தொடவே மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். கடைசியில் ஒரு ஓரமாக உட்காரவைத்துத் தக்காளி நறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூட இருந்த பிள்ளைகள் அவளுக்கு 'ஐஸ் கட்டி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அண்ணன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன். பாதுகாப்பு சொல்லிக் கொடுக்குறதா நெனச்சு பயத்தச் சொல்லிக் கொடுத்திருக்கேன். மூணு பேருக்கும் நானே நெருப்பு மூட்டக் கத்துக் கொடுக்கப்போறேன். நிஷாவையும் அனுப்பு."

"உங்களுக்கு மூட்டத் தெரியுமாண்ணே?"

"படிச்சிட்டு இருக்கேன்" என்றார்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் வெள்ளைப் பலகை வைத்து வகுப்பு தொடங்கியது. முதல் வாரம் எரிபொருள். இரண்டாம் வாரம் காற்று. மூன்றாம் வாரம் வெப்பம். நான்காம் வாரம் பரீட்சை. அதுவரை ஒரு தீக்குச்சியைக்கூட யாரும் கண்ணால் பார்க்கவில்லை. நிஷா தொண்ணூறு மார்க் வாங்கினாள். "மா, ஈர விறகுன்னாலும் உள்ள காஞ்சிருக்கும், தெரியுமா?" என்று எனக்கே பாடம் எடுத்தாள்.

ஐந்தாம் வாரம் செய்முறை. தேங்காய் நார் ஈரமாக இருக்கிறதென்று அண்ணன் அதை மைக்ரோவேவுக்குள் வைத்துவிட்டார். லேசாகப் புகை வந்தது. அவ்வளவுதான், தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அடுப்படி முழுக்க அடித்துத் தள்ளினார். பரமேஸ் அக்கா அன்று ஆக்கி வைத்திருந்த கோழிக்கறி பவுடர் பூசிய கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது.

அக்கா கத்தவில்லை. கறிச்சட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். "இனிமே என் அடுப்படியில பாடம் வேணாம்லா. காட்டுக்குப் போங்க."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை அண்ணன், அக்கா, மூன்று பிள்ளைகள், நான் எல்லோரும் தீவின் மறுபக்கம் இருக்கும் பாலிக் புலாவுக்குப் புறப்பட்டோம். அக்காவின் மாமாவுக்கு அங்கே ஒரு டுரியான் பழத் தோட்டம், அதற்குள்ளேயே ஓர் ஓடை. மாமாவிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தார் அண்ணன். விதிகளை எழுதி எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். நைலான் துணி கூடாது, முடியை இறுக்கிக் கட்ட வேண்டும், சமைத்த சாப்பாடு எதுவும் எடுத்து வரக்கூடாது. பாக்கெட் மீ, அதாவது நூடுல்ஸ் மட்டும்தான், அதுவும் நாங்களே மூட்டும் நெருப்பில் வேகவேண்டும். "பசிதான் நல்ல வாத்தியார்" என்றார்.

வாத்தியார் பதினோரு மணிக்கே வந்துவிட்டார். கூடவே மழையும் வந்தது. மழை விட்டபோது விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. அண்ணன் தரையைச் சுத்தமாகப் பெருக்கினார், சுற்றிலும் கல் அடுக்கினார், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தார். பிறகு தீப்பெட்டியைத் திறந்தார்.

முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது காற்றில் அணைந்தது. மூன்றாவது எரிந்தது, ஆனால் விறகை எட்டுவதற்குள் இவரே ஊதி அணைத்துவிட்டார். "சரியா பிடிக்கல" என்று சமாதானம் சொன்னார். ஒரு மணி நேரம் இப்படியே போனது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு மலாய்ப் பெரியவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். பாவப்பட்டு லைட்டரை நீட்டினார்.

"தாக் ஆப்பா பாக்சிக், பெலாஜார்" என்றார் அண்ணன். பரவாயில்லை பெரியவரே, படிக்கிறோம் என்று அர்த்தம். பெரியவர் எங்கள் வாடிய முகங்களைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அப்போதுதான் அண்ணனின் கையைக் கவனித்தேன். குச்சியைப் பெட்டியின் வழவழப்பான பக்கத்தில் உரசிக்கொண்டிருந்தது. ஏதோ பெரிய சோகக் கதை இருக்கும் என்று நினைத்து மெதுவாகக் கேட்டேன்: "சின்ன வயசுல ஏதும் நடந்துச்சாண்ணே?"

"ஒண்ணும் நடக்கலம்மா" என்றார். "நடந்திரக் கூடாதேன்னுதான்."

தர்ஷினி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, உங்களுக்கும் பயமா?"

"ரொம்ப."

அவள் எழுந்து வந்து அவர் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டாள். "நீங்க தள்ளி நில்லுங்க."

ஒரு விறகை அம்மாவிடம் கொடுத்துக் கத்தியால் பிளக்கச் சொன்னாள். உள்ளே காய்ந்திருந்தது. நிஷாவும் கவிஷாவும் அதை மெல்லிசாகச் சீவினார்கள். தர்ஷினி தேங்காய் நாரைக் குருவிக்கூடு மாதிரி சுற்றி நடுவில் வைத்தாள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் குச்சியை உரசினாள். எரியும் குச்சியை விடாமல் பிடித்து நாருக்கடியில் காட்டினாள். புகை வந்தது. சிவப்பாக ஒரு கண் திறந்தது. குனிந்து ஊதினாள். குப்பென்று பற்றிக்கொண்டது.

நாங்கள் கைதட்டக் கையைத் தூக்கினோம். அதற்குள் அண்ணன் வாளியைத் தூக்கி மொத்தத் தண்ணீரையும் அதன்மேல் கொட்டிவிட்டார்.

டுரியான் மரத்தில் கத்திக்கொண்டிருந்த குருவிகூடச் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"ஐயோ" என்றார் அண்ணன். "கை தானா போயிருச்சும்மா. இருபது வருஷப் பழக்கம்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. தர்ஷினி தீப்பெட்டியைக் கீழே போட்டாள். அழப்போகிறாள், இனி ஜென்மத்துக்கும் தீப்பெட்டி தொடமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பரமேஸ் அக்காதான் முதலில் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையென்றும் பாராமல் உட்கார்ந்து சிரித்தார். சின்னவளும் நிஷாவும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் தர்ஷினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பா, நீங்க கைய கட்டிக்கிட்டு அந்தக் கல்லுல உக்காருங்க. நிஷா, நீ வாளிய ரொப்பி உன் பக்கத்துலயே வச்சுக்க. அப்பா கேட்டா குடுத்துராத."

அண்ணன் அடக்கமாகக் கையைக் கட்டி உட்கார்ந்தார். கல்லை மாற்றி, காய்ந்த நாரைப் போட்டு, இரண்டாவது தடவை அவள் மூட்டியபோது மூன்றே குச்சிதான் செலவானது. தீ நின்று எரிந்தது. அண்ணன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சூடு முகத்தில் அடித்தபோதும் பின்வாங்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புகை என்றார்.

மூன்று மணிக்கு மீ வெந்தது. புகை நாற்றம், பாதி வேக்காடு, மேலே சாம்பல். அதைவிட ருசியான மீயை பினாங்கில் எந்தக் கடையிலும் நான் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டு முடித்ததும் மூன்று பிள்ளைகளும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சூடு அடங்கும்வரை காத்திருந்து நெருப்பை அணைத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனை மிஞ்ச ஆளில்லை.

போன வருடம் அவர்கள் புக்கிட் மெர்தாஜாமில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். போன மாதம் எனக்குக் காய்ச்சல். நிஷா முதல் தடவையாகத் தானே அடுப்பைப் பற்றவைத்து எனக்குத் தே கலக்கிக் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணனுக்குத்தான் போன் போட்டுச் சொன்னேன்.

"கேஸ மூடிட்டாளா?" என்றார் முதலில்.

"மூடிட்டாண்ணே."

பிறகு மெதுவாகக் கேட்டார்: "தே எப்படிம்மா இருந்துச்சு?"

சீனி போட மறந்துவிட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.